ரயில் கப்பலில் ஏறியது உண்மைதான்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி உறவில் பலவிதமாகப் பேசப்படுவதால், நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. சிங்காநல்லூர்ப் பட்டறையில் பிட்டராக இருந்த அப்பாவை, தேயிலைத் தோட்டம் ஒன்றில் பம்பு பூட்டிக் கொடுக்க அசாமுக்கு அனுப்பினார்கள்.
2. பிரம்மபுத்திராவில் அப்போது பாலம் இல்லை. சரக்கு ரயில் பெட்டிகளைத் தண்டவாளம் பதித்த கப்பலில் தள்ளி ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். அப்பாவும் அதிலேயே போனார்.
3. ஊர் திரும்பிய அப்பா இதைச் சொன்னார்.
4. ஒருவரும் நம்பவில்லை.

அப்பா காங்கேயத்துக்கு அருகில் மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவர். மழை பொய்த்த ஆண்டில் பட்டறைக்கு வந்து, கூட்டிப் பெருக்கி, தொழில் கற்றவர். பொய் சொல்லத் தெரியாதவர். அம்மாவின் அண்ணனான மாமாவோ மாட்டு வியாபாரி. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர்.

“ஏனுங்க மாப்பிள்ளை, கப்பல் கவுந்துபோட்டா ரயிலு நீச்சலடிக்குமுங்களா?” என்று கல்யாணப் பந்தியில் கேட்பார். பந்திக்கே புரையேறும். அதன்பின் அப்பா மழை வரும் என்றால்கூட, “இதும் கப்பல்ல வந்த சேதிங்களா?” என்றார்கள்.

நான் பள்ளி முடித்ததும் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க அப்பா விரும்பினார்.

“பொட்டப்புள்ள மோட்டார் படிக்கிறதுங்களா? ரயிலு கப்பல்ல போற ஊர்ல வேணா நடக்குமுங்க” என்றார் மாமா. அண்ணன் சொல்லை அம்மா மீறமாட்டார்.

“கண்ணுல காட்டுனா ஒத்துக்குவீங்களா மச்சான்?”

“காட்டுங்க, பாக்கலாம்.”

அடுத்த அசாம் பயணத்தில் மாமாவும் போனார். ஆற்றங்கரை வந்தது. ரயில் நிற்காமல் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் ஆற்றின்மேல் பாலம் திறந்திருந்தார்கள், அது அப்பாவுக்குத் தெரியாது.

“மாப்பிள்ளை, இப்பக் கப்பல்லயாங்க போறோம்?”

அப்பா அக்கரையில் இறங்கியதும் மாமாவை நேராக ஆற்றுக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய தண்டவாளம் சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போயிருந்தது. மாமா அருகில் குந்தி, மாட்டுப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆத்துக்குள்ள எவனும் வேலையத்துத் தண்டவாளம் போடமாட்டானுங்க” என்றார். “அம்மணியப் படிக்க வையுங்க.”

ஊர் வந்த மாமா அடுத்த பந்தியில், “நானும் மாப்பிள்ளையும் ரயிலோட கப்பல்ல ஏறுனமுங்க. என்னா புயலு, என்னா ஆட்டம்! கேளுங்க அவர!” என்றார்.

அப்பா இலையைப் பார்த்தபடி, “ஆமாங்க” என்றார். நானறிய அவர் சொன்ன ஒரே பொய் அது.

கடைசி நாட்களில் அப்பா மூச்சிரைப்போடு படுத்திருந்தபோதும், பார்க்க வந்தவர்களிடம் மாமா கட்டிலோரம் அமர்ந்து அந்தப் புயலை வர்ணிப்பார். அப்பா இருமியபடி சிரிப்பார்.

இரவு பகல் பாராமல் துணை நின்ற பட்டறைத் தோழர்களுக்கும், மருத்துவமனைக்குப் போகக் கார் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கடைசிவரை கட்டிலை விட்டு அகலாத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நான் டிப்ளமோ முடித்து, பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறேன். மாமா நலம். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது: அவர் கப்பலில் போகவில்லை. அப்பா போனார்.