பஞ்சுவுக்கு முடி கொட்டிய வாரம்

என் அக்கா வீட்டுக்காரர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். வந்தவர் தொண்டைக்குழியில் கத்தியை வைத்துக்கொண்டே வாய் ஓயாமல் அரசியல் பேசுவார். இதுவரை ஒருவருக்கும் கீறல் விழுந்ததில்லை. அந்த மனிதருக்குக் கை நடுங்கியதை ஒரு நாள் நான் பார்த்தேன். "கேலி பண்றதுதான் உன் பிழைப்பு" என்று என்னைச் சொல்வார் மாமா. அன்று எனக்குக் கேலி வரவில்லை.

மாமாவுக்குத் தரையில் ஒரு முடி கிடந்தாலும் சோறு இறங்காது. கடையில் ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே துடைப்பம் காலடிக்கு வந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். நான் மாடியில் குடியிருக்கிறேன்; கீழே வந்து உட்கார்ந்தால் என் காலைச் சுற்றியும் கூட்டுவார்.

"மாமா, விட்டா என்னையும் சேர்த்து வாரிடுவீங்க போல."

"முடி கொட்டாம உக்காரு, விட்டுடறேன்."

வீட்டில் ஒரு முயலும் உண்டு; அது அக்காவுடையது. சாம்பல் நிறம், நீள முடி, பெயர் பஞ்சு. அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அக்கா பேசமாட்டாள். பஞ்சுவைப் பற்றி ஓயாமல் பேசுவாள். வேலை விஷயமாக ஒரு பயிற்சிக்கு வெளியூர் போகும்போதும் வாசலில் நின்று அதையேதான் சொன்னாள்.

"இப்ப இவனுக்கு முடி கொட்டுற சமயம். தினமும் சீவி விடுங்க. இல்லேன்னா நக்கி நக்கி அத்தனையும் உள்ள போயிடும். காய்ஞ்ச புல்லு தீரவே கூடாது."

"ஏம்மா, முடியைப் பத்தி எனக்கே பாடமா?" என்றார் மாமா.

அவர் சீவவில்லை. நாள் முழுக்க ஊரார் முடி, வீட்டுக்கு வந்தால் முயல் முடியா என்று அலுத்துக்கொண்டார். அதற்குப் பதில் கூட்டினார். காலையில் ஒரு தடவை, கடை மூடி வந்து ஒரு தடவை. பஞ்சுவின் முடி நாற்காலிக் காலில், திரைச்சீலையில், காபி டம்ளரில்கூட ஒட்டிக் கிடந்தது. அத்தனையையும், புழுக்கையோடு சேர்த்து, ஏறெடுத்தும் பார்க்காமல் வாரிக் கொட்டினார். சிந்துகிறது என்று புல்லையும் குறைத்துவிட்டார். கூண்டு பளபளத்தது.

"பார்த்தியா, அசிங்கமே பண்றதில்ல. பழக்கிட்டேன்" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் கீழேயிருந்து கத்தினார். இறங்கி ஓடினேன். பஞ்சு கூண்டின் மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் வைத்த கேரட் இலை அப்படியே வாடிக் கிடந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. மாமா அதன் முதுகைத் தடவினார். ஒரு கைப்பிடி முடி கையோடு வந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன்.

"பஞ்சு சாப்பிட்டானா?"

"நல்லாத்தான் இருக்கான்" என்றார் மாமா. பேயறைந்த முகத்தோடு சொன்னார்.

கால்நடை மருத்துவமனையில் இருந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா. பஞ்சுவின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"கடைசியா புழுக்கை எப்ப போட்டுச்சு?"

"கூண்டு சுத்தமாத்தான் இருந்துது டாக்டர்."

"நீங்க கூட்டினதால சுத்தமா, இது போடாததால சுத்தமா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முயலால வாந்தி எடுக்க முடியாது சார். முழுங்கின முடி குடல் வழியாத்தான் போகணும். புல்லு நிறைய தின்னா தானா போயிடும். இல்லேன்னா குடல் அப்படியே நின்னு போகும். புழுக்கை சிறுத்திருக்கும், முடியில கோத்த மாதிரி வந்திருக்கும். பார்க்கலையா?"

"பார்க்கல" என்றார் மாமா.

முழு அடைப்பு இல்லை என்று சொல்லி ஊசி போட்டார். கரைத்துக் கொடுக்க ஒரு மாவும், ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சும் தந்தார். சாயங்காலத்துக்குள் புழுக்கை வராவிட்டால் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அப்படித் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

"குளிப்பாட்டினா முடி சீக்கிரம் போயிடுமா டாக்டர்?"

"ஐயையோ, வேண்டாம். பயத்துலயே போயிடும். மெத்துனு சீவுங்க, தோல் காகிதம் மாதிரி இருக்கும்."

மாமா கடையைத் திறக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு, பஞ்சுவை மடியில் வைத்து, சிரிஞ்சை அதன் கடைவாயில் நுழைத்தார். கை அப்படி நடுங்கியது. பாதி மாவு அவர் சட்டையில் வழிந்தது. பிறகு உள்ளங்கையை ஈரமாக்கித் தடவத் தொடங்கினார். தடவத் தடவ வந்துகொண்டே இருந்தது முடி. இதுபோலத்தான் நேற்றுவரை அத்தனையும் அதன் வாய்க்குள் போயிருக்கிறது. சீவச் சொன்னபோது விட்டுவிட்டு இப்போது சீவுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பஞ்சுவின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்ல உள்ள."

மறுபடியும் அக்காவின் போன் அடித்தது.

"எடுங்க மாமா."

"என்னன்னு எடுப்பேன்? அவளுக்கு இருக்கறது இது ஒண்ணு. அதையும் நான்..."

போன் அடித்து ஓய்ந்தது. பஞ்சுவின் காது சில்லிட்டிருந்தது. மாமா அதை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். அது கண்ணை மூடுகிற போதெல்லாம் "டேய், டேய்" என்று எழுப்பினார். ஜன்னல் வெயில் சுவரிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, போய்விட்டது. மருத்துவமனைக்குக் கிளம்ப நான் பையை எடுத்தேன்.

அப்போதுதான் அவர் மடியில் ஏதோ விழுந்தது. மிளகு அளவில் ஒன்று. கொஞ்சம் பொறுத்து, முடியில் கோத்தபடி மூன்று நான்கு. மாமா அவற்றை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தோள் குலுங்க அழுதார்.

"இன்னும் உள்ள இருக்கும். பயம் தீரலை" என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். ஒரு புல்லை எடுத்து நீட்டினார். பஞ்சு முகர்ந்து பார்த்தது, திரும்பிக்கொண்டது, மறுபடி முகர்ந்தது, பிறகு நுனியைக் கடித்தது.

மாமாவே அக்காவைக் கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. சீவாதது, புல்லைக் குறைத்தது, காலையில் சொன்ன பொய், எல்லாம் சொன்னார்.

"ஏதாவது பேசும்மா. திட்டு."

"இப்ப தின்னுறானா?"

"தின்னுறான்."

"நம்ப மாட்டேன். போனை அவன் வாய்கிட்ட வைங்க."

மாமா வைத்தார். பஞ்சு மெல்ல மென்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை நிறுத்தியது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தோம். போனில் அக்கா சின்னக் குரலில், "தின்னுடா" என்றாள்.