பரீனாவின் பெயரில் ஒரு வழக்கு

ஏறாவூரில் பரீனா வேலைக்குப் போகிற ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குக் கீழே முப்பது பெண்கள் இருந்தார்கள். மெஷினில் தைக்கச் சேர்ந்தவள், பன்னிரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். கணவன் ஹலீம் கட்டாரில் சாரதி. தான் இன்னும் ஒரு வருடம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, வீட்டோடு ஒரு தையல் கடை போடுவது என்பது அவளுடைய கணக்கு.

2023 ஒக்டோபரில் ஒருநாள், பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் நேரம், வேலை விட்டு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். ஒழுங்கைக்குள்ளிருந்து மணல் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று விளக்கில்லாமல் வெளியே வந்தது. அவள் விழுந்தாள். இழுவைப் பெட்டியின் சில்லு வலது காலில் ஏறியது.

ஓட்டி வந்த முனாப் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன். அந்த வண்டிக்குக் காப்புறுதி இல்லை. ஆனால் அவன் ஓடவில்லை. அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி, வீட்டார் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றான். சட்டை முழுக்க இரத்தம்.

கணுக்காலுக்கு மேலே எலும்பு மூன்றாக உடைந்திருந்தது. தகடு வைக்க வேண்டும், உடனே வைத்தால் நல்லது என்றார்கள். தொழிற்சாலை ஊழியர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருந்ததால் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பில் ஐந்து இலட்சத்து இருபதாயிரம். காப்புறுதிக் கம்பனி முழுவதையும் கட்டியது. அதற்கு முன்பு கட்டிலுக்கே ஒரு படிவம் வந்தது. பத்துப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். பென்சிலால் புள்ளடி போட்டிருந்த இடங்களிலெல்லாம் அவள் கையொப்பம் வைத்தாள். கால் கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாதம் பொலிஸில் விசாரணை. முனாப் தன் இரண்டு மாடுகளையும் விற்று அறுபதாயிரம் கொண்டுவந்திருந்தான். ‘இதற்குமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று தமிழில் எழுதிய கடதாசியை பரீனா இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையொப்பம் வைத்தாள். அதோடு முடிந்தது என்று இரு வீட்டாரும் நினைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து முனாப்பின் மனைவி றஸீனா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சட்டத்தரணியின் கடிதம்.

“என்ன ராத்தா இது? காச வாங்கிட்டு, இனி ஒண்டுமில்லண்டு எழுதித் தந்த நீங்கதானே? இப்ப ஐஞ்சு லட்சம் கேட்டு கோட்டுக்கு இழுக்கிறீங்களே!”

“அல்லாவே, எனக்கு ஒண்டும் தெரியா றஸீனா.”

“உங்கட பேரு போட்டிரிக்கே!”

போட்டுத்தான் இருந்தது. வழக்காளி என்ற இடத்தில் அவளுடைய முழுப்பெயரும் வாப்பாவின் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருந்தன. கீழே காப்புறுதிக் கம்பனியின் பெயரும் இருந்தது.

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு புளியந்தீவில் இருந்த காப்புறுதிக் கம்பனிக் கிளைக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான்.

“உங்கட செலவ நாங்க கட்டினம் மிஸ். கட்டின பிறகு, மோதின ஆளிட்ட அந்தக் காசக் கேக்கிற உரிமை எங்களுக்கு வந்திரும். சட்டப்படி அத உங்கட பேரிலதான் கேக்கோணும். நீங்க சம்மதிச்சு சைன் வெச்சிருக்கிறீங்க.”

“அப்ப என்ட பேர எடுத்துடுங்க.”

“அது ஏலாது மிஸ். இன்னொண்டு, நீங்க அந்த ஆளிட்ட காசு வாங்கி எழுதிக் குடுத்திருக்கிறீங்க, பொலிஸ் பதிவில இரிக்கு. எங்களுக்குச் சொல்லல்ல. அந்தக் கடதாசியால எங்கட வழக்குத் தோத்தா, நாங்க கட்டினத நீங்கதான் திருப்பித் தரோணும். அதில விளங்காமச் சைன் வெச்சனெண்டு ஒரு சத்தியக் கடதாசி குடுங்க. நாங்க அவரப் பாத்துக்கொள்றம்.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றவளுக்கு, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் முட்டுகிற மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் ஹலீம் போனில் இலேசாகச் சொல்லிவிட்டான்.

“சத்தியக் கடதாசியக் குடுத்திடு. பொம்புளையாள், ஒண்டும் விளங்கல்லண்டு சொன்னா ஆரு கேக்கப்போறான்?”

“விளங்கித்தான் வெச்சன். ரெண்டு தரம் வாசிச்சன். விளங்காம வெச்சது ஆஸ்பத்திரியில வெச்சதுதான்.”

“அதச் சொல்லிப் பாரன்.”

“சொன்னன். எல்லாரும் அப்பிடித்தான் மிஸ் வெக்கிறெண்டான்.”

ஒரு கிழமை அதையே கணக்குப் பார்த்தாள். பொய்க்குச் சத்தியம் செய்தால் முனாப் வண்டியையும் வீட்டு வளவையும் விற்க வேண்டிவரும். அவனுக்கு மூன்று பிள்ளைகள். செய்யாவிட்டால் தையல் கடை போய்விடும். அதற்கிடையில் கடைத்தெருவில் கதை வேறு: மாட்டையும் விற்கவைத்து வாங்கினவள், இன்னும் கேட்கிறாளாம். தொழுகைக்கு வரும் பெண்கள்கூட அவள் பக்கத்தில் இடம்விட்டு நின்றார்கள்.

எட்டாம் நாள் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். விளங்கியே கையொப்பம் வைத்தேன், முனாப் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இரண்டே வரி.

வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு கம்பனி அவள் பக்கம் திரும்பியது. தொழிற்சாலை நிர்வாகம் இடையில் பேசி மூன்று இலட்சத்துக்குக் குறைத்தது. சம்பளத்தில் மாதம் பத்தாயிரம் கழிப்பார்கள். கழித்து முடியுமுன் வேலையை விட்டால் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. பரீனா வெட்கப்பட்டு வழக்கை வாபஸ் எடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். முனாப்பும் அப்படித்தான் நம்பினான். உள்ளதைச் சொன்னால் அவன் மிஞ்சியதையும் விற்றுக்கொண்டு வந்து நிற்பான் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. றஸீனா வழியில் கண்டால் இன்றைக்கும் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

நாள் முழுக்க நின்றால் பின்னேரம் கால் வீங்குகிறது. தகட்டைக் கழற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தொழிற்சாலை அலுவலகத்துப் பிள்ளை அதே காப்புறுதிப் படிவத்தை நீட்டியபோது பரீனா வாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை விடிய எழும்பிப் போய் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் நின்றாள். ஏழு மாதம் தள்ளித்தான் திகதி கிடைத்தது. திகதி எழுதிய துண்டை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.