இரும்புச் சட்டம்

மாநகர் மன்றத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது நான் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுச் செயலாளராகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஈப்போவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவள், கடிதம் எழுதத் தெரியும் என்று அந்தப் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். கட்டடம் பழையது, பத்து மாடி. பொறியாளரை வைத்து வெளிச்சுவரைச் சோதித்து அறிக்கை தர வேண்டும், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவற்றை அகற்ற வேண்டும் என்று மலாயில் தெளிவாக எழுதியிருந்தது.

பூந்தொட்டித் தட்டு, கொடிக்கம்பி, தகரக்கூரை எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்குள் கழற்றிவிடும்படி அறிவிப்பு அடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். மறுநாள் காலை, எட்டாம் மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டி பசாருக்குப் போகிற பையோடு என்னை வழிமறித்தார். அவர் பால்கனிக்கு வெளியே கம்பித் தட்டில் ஏழெட்டுப் பூந்தொட்டிகள் இருந்தன. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

"என் பூவை எடுக்கறேன் லா. முதல்ல உங்க வீட்டு இரும்பை எடுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கட்டடத்திலேயே பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு இரும்புச் சட்டம்தான். என் கணவர் சிம்பாங் பூலாயில் ஒரு கல் ஆலையில் வெல்டர். துணி காயப்போடுவதற்காக அவரே செய்து, பச்சைச் சாயம் அடித்து, ஒன்பதாம் மாடிச் சுவரில் போல்ட் போட்டு மாட்டியது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "பச்சை இரும்பு தெரியுதா, அதான் நம்ம வீடு" என்பார்.

அன்று சாயங்காலம் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "ஏங்க, நம்மளதைத்தான் முதல்ல கழட்டணும் போலிருக்கு."

"எதுக்கு? யானை தொங்கினாலும் அசையாது. நானே வெல்டிங் வச்சது."

"ரூல்ஸ் இருக்குங்க. நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டவளே நான்தான்."

"ரூல்ஸ் போட்டவங்க வந்து இழுத்துப் பாக்கட்டும்."

அதற்குமேல் பேசினால் சண்டையாகும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் ஆன்ட்டி கண்ணில் படாமல் லிஃப்டை விட்டுப் படியில் இறங்கி வேலைக்குப் போனேன்.

சோதனை ஒரு சனிக்கிழமை நடந்தது. பொறியாளர் ஒரு மலாய்ப் பெண். கீழே நின்று தொலைநோக்கியில் சுவரை வரிவரியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இரண்டு பேர் இறங்கி, சிறு சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் நம்மவர், மீசையில் லேசாக நரை. எங்கள் பால்கனிக்கு நேராக வந்து நின்றார். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே காத்திருந்தார்.

"வணக்கம்ணே. இந்த இரும்பு யார் வேலை?"

"நான் செஞ்சதுதான்."

"ஜாயிண்ட் எல்லாம் அருமையா இருக்குண்ணே. இதுல தொங்கிக்கிட்டே நான் தூங்கிடுவேன்."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டாயா என்கிற பார்வை.

"இரும்பு சரிதாண்ணே. சுவருதான் சரியில்ல. இந்தாங்க, நீங்களே தட்டிப் பாருங்க" என்று கயிற்றால் இடுப்போடு கட்டியிருந்த சுத்தியலை நீட்டினார்.

கணவர் பால்கனிக் கைப்பிடிக்கு மேல் குனிந்து, போல்ட்டுக்குத் தள்ளி ஒரு தட்டுத் தட்டினார். கல்லில் பட்டதுபோல் கெட்டியாகக் கேட்டது. போல்ட்டுக்குப் பக்கத்தில் தட்டினார். காலி வாளியைத் தட்டிய சத்தம். இன்னும் இரண்டு முறை தட்டினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிமெண்டுப் பூச்சு மெல்ல விலகியது. கயிற்றுக்காரர் சட்டென்று உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துப் பெயர்த்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே சுவரின் கம்பி துருவேறிப் பழுப்பாக உப்பியிருந்தது.

"போல்ட் ஓட்டை வழியா மழைத்தண்ணி போயிருக்குண்ணே. எல்லா வீட்லயும் நடக்கறதுதான்."

கணவர் கீழே பார்த்தார். அன்றைக்குத் தடுப்பு நாடா கட்டி ஆளில்லாமல் இருந்த அந்த இடத்தில்தான் தினமும் காலையில் பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்பார்கள். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நாளைக்குக் கழட்டிடறேன்" என்றார்.

"தனியா வேணாம்ணே. நாங்க வெளியிலேர்ந்து கயிறு போட்டுப் பிடிச்சுக்கறோம், நீங்க உள்ளேர்ந்து அறுங்க."

பொறியாளரும் சரி என்றார். அன்று மதியமே சட்டம் துண்டு துண்டாக வீட்டுக்குள் வந்துவிட்டது. நாடாவுக்கு அந்தப் பக்கம் பாதிக் குடியிருப்பு நின்று வேடிக்கை பார்த்தது. ஆன்ட்டியும் நின்றார்.

இரவு கணவர் சாப்பிட்டதும் எழுந்துபோய்ப் படுத்துவிட்டதால் என்மேல் கோபமோ என்று பயந்தேன். மறுநாள் ஞாயிறு, பார்த்தால் கார் நிறுத்துமிடத்தில் கிரைண்டரோடு உட்கார்ந்து அந்த இரும்பைப் பால்கனிக்குள் வைக்கிற அளவுக்குத் துணி ஸ்டாண்டாக மாற்றிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் தொட்டிகளுக்கும் ஒன்று வேண்டும் என்றார். அதன்பின் ஐந்தாம் மாடி, இரண்டாம் மாடி. நாலைந்து ஞாயிறுகள் என் கணவர் வீட்டில் இல்லை. அவரவர் வெளியே நீட்டியிருந்ததைக் கழற்றி அவரிடமே கொண்டுவந்தார்கள். நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆன்ட்டி எங்கள் கதவில் ஒரு பம்பளிமாஸ் பழத்தைப் பையோடு மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

சுவரைச் செப்பனிட்டு முடித்து, பொறியாளரின் அறிக்கையை நானே மாநகர் மன்றத்தில் கொடுத்தேன். முகப்பில் இருந்த அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி, முத்திரை குத்தி ஒரு பிரதியை நீட்டினார். காரில் உட்கார்ந்து அதை முதலிலிருந்து மறுபடி படித்தேன். பூசிய இடங்கள் பழைய சாயத்தோடு ஒட்டாமல் திட்டுத் திட்டாகத் தெரிகின்றன என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அது ஒன்றும் உறுத்தவில்லை.

கயிற்றுக்காரருக்குச் சொந்த ஊர் பாகான் செராய். தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார், போய் வந்தோம். பந்தியில் அவரும் என் கணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு, கொக்கி என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். ஒருநாள் தன்னையும் கயிற்றில் இறக்கிக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என் கணவர்.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"ரெண்டு மாடி மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னார்.