அவள் கதவில் மட்டும் பை இல்லை

மழை வந்தால் ஊர் வேலை நின்றுவிடும் என்று சொல்கிறவர்களை அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு ஒரு நாள் கூட்டிவந்து காட்ட வேண்டும். எத்தனை பெரிய மழையிலும் அங்கே எந்த வேலையும் நின்றதில்லை. பால் வந்தது, மாத்திரை வந்தது, டார்ச்சுக்கு பேட்டரி வந்தது. நின்றவை ஆட்களின் கால்கள்தான். அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டே கால்கள் நடந்தன. அவை மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட அறையில் குடியிருந்த ரொட்டி அக்காவுடையவை.

அக்கா ரொட்டி சுடுகிறவள் இல்லை. பெரிய பேக்கரி ஒன்றில் வெந்து ஆறிய ரொட்டியை இயந்திரத்தில் கொடுத்துத் துண்டு போட்டு, கவரில் தள்ளி, வாயைத் திருகிக் கட்டுகிற வேலை. விடியுமுன் போய் நண்பகலுக்குள் திரும்புவாள். உள்ளங்கை எப்போதும் மாவு உறிஞ்சி வறண்டிருக்கும். மழை நாளில் பேக்கரிக்கு விடுமுறை கிடையாது, மாறாகக் கூடுதல் வேலை. ஊர் வீட்டுக்குள் முடங்கினால் ரொட்டி அதிகம் தின்னும் அல்லவா? வானொலியில் ‘மக்கள் வெளியே வர வேண்டாம்’ என்று அறிவிக்கிறவர்கள், அந்த ‘மக்களில்’ ரொட்டி கட்டுகிறவர்களையும் பால் இறக்குகிறவர்களையும் சேர்ப்பதே இல்லை. அவர்களும் வராமல் இருந்துவிட்டால் அறிவித்தவரின் காலைச் சாப்பாட்டுக்கே வழி இருக்காது.

கட்டடத்தில் அந்தப் பழக்கம் தொடங்கியது ஒரு மழையில்தான். முதல் மாடிக் கைக்குழந்தைக்காரி மருந்துக்குத் தவித்தபோது, “எப்படியும் வெளிய போறேன், குடும்மா” என்றாள் அக்கா. வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்பது இதுதான். அடுத்த மழைக்கு இரண்டு வீட்டார் கேட்டார்கள். அதற்கடுத்த மழைக்குக் கேட்பதும் நின்றது. என்ன வேண்டுமோ அதன் காலிக் கவரையோ, தீர்ந்த அட்டையையோ ஒரு பைக்குள் போட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிடுவார்கள். எழுத வேண்டாம், சொல்ல வேண்டாம், முகம்கூடப் பார்க்க வேண்டாம். அக்கா படியிறங்கும்போது மரத்திலிருந்து காய் பறிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போவாள். கடையில் பையைத் திறந்து காலியை நீட்டினால் நிறைந்தது கைக்கு வரும்.

இரண்டாம் மாடியில் இருந்தவர் ஓய்வுபெற்ற அலுவலர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, வானிலை சார் என்றால்தான் தெரியும். காற்று எங்கே சுழல்கிறது, எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து படிக்கட்டு கேட்க அறிவிப்பார். அவர் கடைசியாக நனைந்தது எப்போது என்று அவர் மனைவிக்கே நினைவில்லை. கட்டடத்திலேயே பெரிய பை அவருடையது, டார்ச் பேட்டரியின் காலி அட்டை அதில் எப்போதும் இருக்கும்.

அந்த ஆண்டு அக்காவின் தம்பி அவளோடு வந்து தங்கியிருந்தான். வெல்டிங் பட்டறையில் வேலை. பாதுகாப்புக் கண்ணாடி கேட்டதற்கு முதலாளி, “வேலை தெரிஞ்சவனுக்குக் கண்ணாடி எதுக்குடா?” என்று சிரித்திருக்கிறார். பிறகு ஒரு நாள் இரும்புத் துணுக்கு தெறித்து அவன் இடது கருவிழியைக் கிழித்தது. பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, “நல்லா இருந்த பிள்ளைக்கு யார் கண்ணு பட்டுச்சோ” என்று பெருமூச்சு விட்டாள்.

“கண்ணும் படல, மண்ணும் படல. இரும்பு பட்டுச்சு. சுத்திப் போடுறதா இருந்தா அந்த முதலாளியப் பிடிச்சு ஒரு கண்ணாடிய மாட்டிவிடு, போதும்” என்றாள் அக்கா.

முகம் தெரியாத யாரோ இறந்த பிறகு கொடுத்துப்போன கருவிழியை மருத்துவர்கள் அவனுக்குப் பொருத்தினார்கள். மந்திரம் எதுவும் செய்யாத வேலையை ஊசியும் நூலும் செய்தன. ஆனால் மருத்துவரம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: “மாத்திரைய மறந்தாக்கூட மன்னிக்கலாம். இந்தச் சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா உடம்பு இது என் பொருள் இல்லேன்னு தள்ள ஆரம்பிச்சிடும். அப்புறம் கண்ணு போயிடும்.” குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய அந்த மருந்து அருகில் ஒரே ஒரு மருந்துக்கடையில்தான் கிடைத்தது.

புயல் கரையை நெருங்கிய அன்று அக்கா வேலை முடிந்து தொப்பலாக நனைந்து வந்தாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னடா?”

“மருந்து தீர்ந்துடுச்சுக்கா.”

“இன்னும் ரெண்டு நாளைக்கு இருந்துச்சே?”

“நானே போட்டுக்கலாம்னு பார்த்தேன். பாதி கன்னத்துல போயிடுச்சு.”

“கண்ணு எங்க இருக்குன்னு தெரியாதவனுக்குத்தான் கண்ண வச்சிருக்காங்க” என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மறுவேளை மருந்து மாலைக்குள் போட வேண்டும். காலிக் குப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஈரப்புடவையோடு அப்படியே இறங்கினாள்.

மூன்றாம் மாடியில் டியூஷன் டீச்சர் வீட்டுக் கதவில் பை. இரண்டாம் மாடியில் வானிலை சாரின் பெரிய பை. முதல் மாடியில், கீழ்த்தளத்தில், எங்கும் பை. எடுக்காமல் போயிருக்கலாம். ஆனால் அவள் யோசிக்கும் முன்பே கை நீண்டுவிட்டது. பழகிய மாடு பாதையைக் கேட்குமா?

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். குடை இரண்டு எட்டு வைப்பதற்குள் பூப்போல மலர்ந்து கம்பி நீட்டிக்கொண்டது. பால் கடை, மளிகைக் கடை, கடைசியாக மருந்துக்கடை. அங்கே கடைக்காரர் கீழ்த்தட்டுப் பெட்டிகளை அவசரமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். “தண்ணி கடைசிப் படி ஏறிட்டா ஷட்டரப் போட்டுடுவேன், சீக்கிரம் சொல்லுங்கக்கா” என்றார். அக்கா ஒவ்வொரு பையாகத் திறந்து காலிகளை நீட்டினாள். இருமல் மருந்து, ரத்த அழுத்த மாத்திரை, குழந்தைப் பவுடர், வானிலை சாரின் தைலம். காலிகள் தீர்ந்தன. வேலையும் தீர்ந்தது என்று கை சொன்னது. கிளம்பிவிட்டாள்.

முதல் மாடித் திருப்பத்தில் கைக்குழந்தைக்காரியின் பையை மாட்டும்போதுதான் நெஞ்சில் ஏதோ இடறியது. எல்லார் பையும் இருக்கிறது. தம்பியின் மருந்து எந்தப் பையில்?

எந்தப் பையிலும் இல்லை. அத்தனை ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் பை தொங்காத ஒரே கதவு அவளுடையது. காலிக் குப்பி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. பையில் இல்லாததை அவள் கேட்கவில்லை.

திரும்பி ஓடப் பார்த்தாள். ஈரப்படி வழுக்கியது. கணுக்கால் மடங்க, பைகளோடு பைகளாகப் படியில் சரிந்து உட்கார்ந்தாள். எழப் பார்த்தால் கால் தரையில் பாவவில்லை.

சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன.

“ஐயோ அக்கா, விழுந்துட்டீங்களா?” என்றாள் கைக்குழந்தைக்காரி.

“என்னம்மா, பார்த்து வரக்கூடாதா?” மேலிருந்து எட்டிப் பார்த்தார் வானிலை சார். “பேட்டரி நனையலையே?”

அக்கா அண்ணாந்து அவரைப் பார்த்தாள். “பேட்டரி நல்லா இருக்கு சார். என் தம்பி கண்ணுதான் போகப் போகுது.”

நடந்ததைச் சொன்னாள். அழவில்லை, அழுதிருந்தால் ஒருவேளை ஆறுதல் சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். யாராவது உடனே போனால் மருந்து கிடைக்கும், இல்லையென்றால் இல்லை என்றாள். டியூஷன் டீச்சர் இறங்கிவந்து கைபேசியில் மருந்துக்கடையைப் பிடித்தாள். “தண்ணி கடைசிப் படி ஏற ஒரு படிதான் பாக்கியாம். வர்றதா இருந்தா இப்பவே வரச் சொல்றார்.”

எல்லோரும் வாசலுக்கு வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார்கள்.

“போகலாம்தான்…” என்று இழுத்தார் கீழ்த்தளத்துக்காரர். “ஆனா இந்த மழையில யாரு போவா?”

அக்கா தன் புடவை முந்தானையைப் பிழிந்தாள். தண்ணீர் படிப்படியாக வழிந்து அவர் செருப்பு வரை போனது.

“அப்ப நான் இப்ப எதுல போயிட்டு வந்தேன்? வெயில்லயா?”

இத்தனை காலம் அவர்கள் எல்லோரும் மழையைப் பற்றி ஒரு பொய்யை நம்பியிருந்தார்கள்: மழை என்றால் மனிதர் வெளியே போக முடியாது என்று. படியில் கிடந்த அவர்கள் பைகளே அது பொய் என்பதற்குச் சாட்சி. போக முடியாது என்பதற்கும் எனக்குப் பதில் இன்னொருத்தி போகிறாள் என்பதற்கும் உள்ள வித்தியாசம், நீர் சொட்டச் சொட்டப் படியில் உட்கார்ந்திருந்தது.

வானிலை சார் உள்ளே போய்விட்டார். ‘போச்சு, பெரிய மனுஷன் கதவைச் சாத்திட்டார்’ என்று அக்கா நினைத்தாள். சற்றுப் பொறுத்து, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

“உங்களுக்கு இழுப்பு இருக்குங்க.”

“இழுப்பு எனக்கா, டிவிக்கா? உக்காந்தே இருந்தா மூச்சு எப்படி வரும்?” அக்காவைத் தாண்டும்போது நின்றார். “காத்து இன்னும் கொஞ்ச நேரத்துல திசை மாறும்னு டிவில சொல்றான். அதுக்குள்ள வந்துடுவேன்.”

“சார், பழைய குப்பி மேல இருக்கு. காட்டினாத்தான்…”

“பேரச் சொல்லும்மா. எனக்கு வாய் இருக்கு.”

பெயரைச் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். கீழ்த்தளத்துக்காரருக்கு ரோஷம் வந்ததோ, மனைவி பார்த்த பார்வை தைத்ததோ தெரியவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு “சார், பள்ளம் இருக்கு, ஓரமா வாங்க” என்று பின்னாலேயே ஓடினார்.

கைக்குழந்தைக்காரி அக்காவின் காலில் ஈரத்துணி கட்டிவிட்டாள். மேலேயிருந்து தம்பி சுவரைத் தடவி இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா, தம்பி இருவரும் வாசலையே பார்த்தார்கள். அவன் ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

“கிடைக்கலைன்னா என்னக்கா?”

“கிடைக்கும்.”

“இல்லைன்னா?”

“வாய மூடிட்டு வாசலப் பாரு.”

காற்று திசை மாறியது. வாசலில் கிடந்த செருப்புகள் மிதந்து உள்ளே வந்தன. ஆட்கள் வரவில்லை. வானிலை சாரின் மனைவி படிக்கட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். அக்கா தன் வறண்ட உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மனிதனின் கண்ணையும் ஒரு கிழவரின் மூச்சையும் சேர்த்துத் தண்ணீரில் அனுப்பிவிட்டோமோ என்று நினைத்தாள்.

கடைசியில் இரண்டு உருவங்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தெரிந்தன. வானிலை சாரின் மழைக்கோட்டு ஒரு பக்கம் கிழிந்து கொடியாகப் பறந்தது. ஒரு கையை மட்டும் நெஞ்சோடு இறுக்கி, குருவிக்குஞ்சு வைத்திருப்பவர்போல வந்தார். கையைத் திறந்தார். உறையில் சுற்றிய சின்னக் குப்பி. இன்னும் ஜில்லென்று இருந்தது.

“பாதி ஷட்டர் இறங்கிடுச்சும்மா. இவர்தான் குனிஞ்சு உள்ள தலைய விட்டார்” என்றார் மூச்சு வாங்க. பிறகு குரலைத் தாழ்த்தி, “டிவில காட்டுற மழை வேற, இது வேற” என்றார்.

“ஒவ்வொரு மழைக்கும் இதுலதான் சார் உங்க பேட்டரி வருது” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, இருமலும் வந்தது, இழுப்பு மட்டும் வரவில்லை.

படியிலேயே தம்பியின் தலையை மடியில் சாய்த்து, இமையை விலக்கி, ஒரு சொட்டு விட்டாள். “ஜில்லுனு இருக்குக்கா” என்றான் அவன். அவள் சுவரில் சாய்ந்து, இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சையெல்லாம் ஒரேயடியாக விட்டாள்.

ஒரு வாரம் கழித்து மருத்துவரம்மா விளக்கை அடித்துப் பார்த்து, ஒட்டிய விழி ஒட்டியபடியே இருக்கிறது, தெளிவாக இருக்கிறது என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் தம்பி கடைப்பலகை ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். ‘போதும்டா’ என்று அக்கா சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கட்டடம் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அடுத்த மழைக்கும் சில கதவுகளில் பைகள் தொங்கின. ஆனால் அக்கா வேலை முடிந்து வந்ததும், டீத்தூளின் காலிக் கவரைப் போட்டு ஒரு பையைத் தன் கதவிலும் மாட்டினாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்தாள். மழை நாளில் அவள் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை.

எழுந்து பார்த்தபோது பை நிறைந்திருந்தது. படியெல்லாம் ஈரச் செருப்புத் தடம், அவள் வாசலிலிருந்து இரண்டாம் மாடிவரை. பையைத் திறந்தால் டீத்தூள் இல்லை, காப்பித்தூள்.

“காலிக் கவரப் பார்த்து வாங்கத் தெரியலையே இந்த மனுஷனுக்கு” என்றான் தம்பி.

“இப்பத்தானே இறங்கியிருக்கார், போகப் போகக் கத்துக்குவார்” என்று அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். காப்பி அவளுக்குப் பிடிக்காது. அன்று இரண்டு டம்ளர் குடித்தாள்.