ஹபிபுல்லாவும் மூன்று காணி நிலமும்

ஹபிபுல்லாவிடம் டைப் கற்றுக்கொள்ள வருகிறவன் முதலில் திட்டு வாங்க வேண்டும். திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், ஒரு நெல் மண்டியின் மாடியில் இருந்தது அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஆறு மிஷின்கள், இரண்டு பெஞ்சுகள், ஐந்து நிமிடம் முன்னால் ஓடும் ஒரு கடிகாரம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மேலே என்ன செய்வதென்று தெரியாத பையன்களெல்லாம் கடைசியில் அந்த மாடிப்படியில்தான் ஏறினார்கள். அவர்களால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர்கள் ஏறி வருவதைக் கண்டால்தான் அவர் வயிறும் எரிந்தது.

“ஏன் வந்தே?” என்று கேட்பார். டைப் கற்றுக்கொள்ள என்று பதில் வரும். காலேஜுக்கு ஏன் போகவில்லை என்று அடுத்த கேள்வி. இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் தப்பு. வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு பத்து நிமிடம் நின்றால் ஒரு மிஷின் கிடைக்கும்.

வந்து சேர்ந்தவர்களைத் திட்டிப் பயனில்லை என்று அவருக்கே ஒருநாள் தோன்றியிருக்க வேண்டும். ஆறாம் பாரம் என்ற பதினோராம் வகுப்பில்தான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை, ஆனால் எந்தப் பையன் எந்த விருப்பப் பாடம் எடுப்பது என்பது ஐந்தாம் பாரம் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே முடிவாகிவிடும். அந்த மாதம் தவறான கட்டத்தில் பேர் விழுந்தவனுக்குப் பிறகு எந்தக் காலேஜும் கதவு திறக்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாம் பாரத்துப் பையன்களை மாடிக்கு வரவழைத்தார். இன்டர்மீடியட் போய்ப் புதிதாக வந்திருக்கும் பி.யு.சி. என்றால் என்ன, எந்தப் பாடம் எடுத்தால் எங்கே போகலாம், காலேஜுக்குக் கடிதம் எழுதி விண்ணப்பத் தாள் வரவழைப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நடுநடுவே திட்டினார். இதற்குச் சம்பளம் கிடையாது. காது கொடுத்துக் கேட்ட ஒவ்வொரு பையனும் இரண்டு வருடம் கழித்து அவருக்குக் கிடைக்காமல் போகிற ஒரு மாணவன்.

அவர் மனைவி மெஹர்னிசா இதை ஒருமுறை எடுத்துச் சொன்னாள். “கடையத் தொறந்து வெச்சிக்கினு, வர்றவனத் தொரத்தறது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்.”

அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்.

1956ஆம் வருடம் ஜூன் மாதம், திருப்பாச்சூரிலிருந்து சின்னதுரை என்ற பையன் வந்து சேர்ந்தான். ஐந்தாம் பாரம் ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் டைப்புக்கு என்ன அவசரம் என்று கேட்டதற்கு, அப்பா சேரச் சொன்னார் என்றான். அப்பாக்களைப் பற்றி ஹபிபுல்லா தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு, ஓரத்து மிஷினில் உட்கார வைத்தார்.

நான்காம் நாள் ஒரு சம்பவம். மூத்த மாணவன் ஒருவன் அட்டவணை அடிக்கத் திணறிக்கொண்டிருந்தான். அட்டவணை என்பது டைப்பில் கஷ்டமான பாடம். ஒவ்வொரு பத்தியிலும் நீளமான சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று எண்ணி, எல்லாவற்றையும் கூட்டி, தாளின் அகலத்தில் கழித்து, மிச்சத்தை இடைவெளிகளுக்குப் பங்கிட வேண்டும். ஏ, எஸ், டி, எஃப் என்று ஒரே வரியை நாலு நாளாகத் தட்டிக்கொண்டிருந்த சின்னதுரை, திரும்பிப் பார்த்துவிட்டு, “ஏழு ஏழா வுடுண்ணா. கடேசில மூணு மிஞ்சும், அத்த ஓரத்துல தள்ளிடு” என்றான். ஹபிபுல்லா பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டார். ஏழு. மிச்சம் மூன்று.

அவருக்குச் சந்தோஷம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். பையனை எழுந்து நிற்கச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுத்திருக்கிறாய் என்று விசாரித்தார். உயர்கணிதம் கேட்டேன், விவசாயப் பிரிவில் போட்டுவிட்டார்கள் என்றான். இன்ஜினீயர் ஆகவேண்டும் என்று ஆசையாம். விவசாயப் பிரிவுக்காரனுக்கு பி.யு.சி.யில் கணக்கு கிடைக்காது. அதனால்தான் அப்பா டைப்பில் சேர்த்தார். இதைச் சொல்லும்போது பையனுக்குக் கோபமே இல்லை. அந்தக் குறையை ஹபிபுல்லா தீர்த்துவைத்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் விவசாயப் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக வந்த பிரிவு. இருபது பையன்கள் இருந்தால்தான் பிரிவும், அதற்கான வாத்தியாரும் நிலைக்கும். விரும்பிச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஹெட்மாஸ்டர் ஆதிகேசவன் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். ‘தகப்பனார் தொழில்’ என்ற கட்டத்தில் நிலம் என்று யாருக்கெல்லாம் எழுதியிருந்ததோ அவர்கள் பிள்ளைகளையெல்லாம் விவசாயத்தில் போட்டார். பிறந்ததிலிருந்து சேற்றில் கிடந்த பையன்களுக்கு, மண்வெட்டி பிடிப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார், மண்வெட்டி பிடித்தறியாத ஒரு வாத்தியார்.

ஹபிபுல்லா ஹெட்மாஸ்டர் அறைக்கே போனார். ஆதிகேசவன் நிதானமான மனிதர். அதுவே ஹபிபுல்லாவை மேலும் சூடாக்கியது. நிலம் உள்ளவன் நிலத்துக்குப் போகட்டும், இல்லாதவன் காலேஜுக்குப் போகட்டும், இதைவிட நியாயம் உண்டா என்று கேட்டார் ஹெட்மாஸ்டர். அவருக்குச் சொந்த ஊரில் எட்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. அவர் மகன் சென்னையில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தான். இந்த இரண்டு செய்திகளையும் அவர் ஒருபோதும் சேர்த்துச் சொன்னதில்லை. டைப் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கல்வித் திட்டத்தில் என்ன அக்கறை என்றும் கேட்டுவைத்தார்.

“அக்கறையா?” என்றார் ஹபிபுல்லா. “எங்கப்பா பழவேற்காட்டுல கடை வெச்சிருந்தாரு. கடைக்காரன் புள்ளன்னு சொல்லி என்னைக் கணக்குப்பதிவுல போட்டாங்க சார். நான் கேட்டது கெமிஸ்ட்ரி. அப்பவும் ஒரு ஹெட்மாஸ்டர் இப்டிதான் நாற்காலியில சாஞ்சிக்கினு நியாயம் பேசினாரு.”

ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, சின்னதுரையின் அப்பா முனுசாமிக்கு நிலம் இல்லை என்று ஊரின் நிலக் கணக்கு எழுதும் கர்ணத்திடம் சான்று வாங்கி வந்தால் பையனை மாற்றிவிடுவதாக வாக்களித்தார். மாதக் கடைசிக்குள் வரவேண்டும். அதன்பிறகு பட்டியல் மேலதிகாரிகளுக்குப் போய்விடும். இந்த வாக்கில் அவருக்கு எந்த ஆபத்தும் இருப்பதாகத் தோன்றவில்லை. மூன்று காணி நிலம் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னவரே முனுசாமிதான். எழுதினதோடு விடாமல், சரியாக எழுதியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவரும் அவரே.

மறுநாள் ஹபிபுல்லா சைக்கிளில் திருப்பாச்சூர் போனார். முனுசாமி கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குப்பம்மாள் வரப்போரம் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். ஹபிபுல்லா விஷயத்தைச் சொன்னார். பொய்தான், ஆனால் ஒரு காகிதத்தளவு பொய். நிலத்தைக் கொஞ்சநாள் தம்பி பேருக்கு மாற்றி எழுதிவிட்டால் போதும் என்றார்.

முனுசாமிக்கு முகம் கறுத்தது. “நெலம் இல்லாதவன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா, பாய்? நாளைக்கு எவன் எனக்கு எதிர்ல எழுந்து நிப்பான்? விவசாயம் படிக்கட்டும். நம்ம தொழில்தான?”

“அப்ப டைப்புக்கு ஏன்யா அனுப்பின? மாட்டுக்கு லெட்டர் அடிக்கவா?”

பேச்சு தடித்தது. தன் பிள்ளையைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்று முனுசாமியும், தெரிந்திருந்தால் பையன் என் மாடி ஏறியிருப்பானா என்று ஹபிபுல்லாவும் மாறிமாறிக் கத்தினார்கள். மாடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது. சும்மா இருந்தவள் குப்பம்மாள் மட்டும். அறுத்த புல்லைக் கட்டி முடித்துவிட்டு வரப்பில் ஏறி வந்தாள்.

“இல்லாத நெலத்த எப்டிய்யா தம்பி பேருக்கு மாத்துவ?” என்றாள்.

முனுசாமி அவளைப் பார்த்தார்.

“பாய், மூணு காணியும் என்னுது. கல்யாணத்துல எங்கப்பா எனக்கு மஞ்சக்காணியா எழுதிக் குடுத்தது. பட்டா எம்பேர்ல கீது. இவரு ஆர்.கே.பேட்டைலேர்ந்து துணி மூட்டையோட வந்தவரு. கர்ணத்தக் கேளு, சொல்லுவாரு.”

பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுக்கும் நிலம் மஞ்சள்காணி. அது அவளுடையது, புருஷன் உழலாம், சொந்தம் கொண்டாட முடியாது. இது ஊருக்கெல்லாம் தெரியும். பதினெட்டு வருடமாக யாரும் அதை முனுசாமியின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவர் ‘என் நெலம்’ என்றால் எல்லாரும் தலையாட்டினார்கள். பொய் சொல்லச் சொல்லி வாதாட வந்த ஹபிபுல்லாவுக்கு, உண்மையைச் சொல்லச் சொல்வது அதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முனுசாமி மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை என்று சின்னதுரை வந்து சொன்னான். குப்பம்மாளும் சளைக்கவில்லை. என் நிலம் என் பிள்ளை காலில் விலங்காக வேண்டாம் என்று தினமும் ஒருமுறை, சோறு போடும்போது, சுவரைப் பார்த்துச் சொன்னாளாம்.

மாதக் கடைசி நாள் காலையில் முனுசாமி வேட்டி மாற்றிக்கொண்டு கர்ணத்திடம் போனார். எழுதியதைக் கையெழுத்துக்கு முன் உரக்கப் படித்துக் காட்டுவது அந்தக் கர்ணத்தின் வழக்கம். வரி கட்ட வந்த ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மேற்படி முனுசாமிக்குத் திருப்பாச்சூர் கிராமத்தில் சொந்தமாக நிலம் ஏதும் இல்லை என்று கர்ணம் படித்தார். அவர்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். முனுசாமி கையெழுத்துப் போட்டு, நேரே திருவள்ளூர் வந்து, மாடியேறி, அந்தக் காகிதத்தை ஹபிபுல்லாவின் மேஜைமேல் எறிந்தார்.

“இனி எம்மூஞ்சில முழிக்காத.”

ஆதிகேசவன் தம் சொல்லைத் தாமே மீற முடியாமல் பையனை உயர்கணிதத்துக்கு மாற்றினார். இருபதுக்கு ஒன்று குறைந்ததல்லவா? கொல்லையில் இரண்டு முருங்கை மரம் வைத்திருந்த ஒரு தபால்காரரின் மகனை அந்த இடத்தில் போட்டார். ஹபிபுல்லா மறுபடி சண்டைக்குப் போனார். அதில் தோற்றார். அந்தப் பையன் ஆறாம் பாரம் முடித்துவிட்டு டைப்புக்கு வந்தான். அவனை மட்டும் அவர் திட்டவில்லை.

சின்னதுரை 1958இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினான். காலேஜுக்குத் தகுதி பெற்றவர்கள் பட்டியலில் அவன் நம்பர் இருந்தது. பி.யு.சி. விண்ணப்பத் தாளோடு மாடியேறினான். இரண்டு வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போன முனுசாமி, பின்னாலேயே அரை மூட்டை அரிசியோடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஹபிபுல்லா தாளை மிஷினில் ஏற்றி ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே வந்தார். பேர், ஊர், பிறந்த தேதி. அடுத்த கட்டம் தகப்பனார் தொழில். விரல்கள் நின்றுவிட்டன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னா நிறுத்திட்ட?” என்றார் முனுசாமி. கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. “போடு. பொண்டாட்டி நெலத்துல பயிரு வெக்கிறான்னு போடு. ஊரே கேட்டாச்சு, காலேஜும் கேக்கட்டும்.”

“யோவ், அவ்ளோ பெருசா அடிக்கக் கட்டத்துல எடம் இல்ல.”

சின்னதுரை குனிந்து தாளைப் பார்த்தான். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு வரியா அடிச்சா அடங்கும், மாஸ்டர்.”

ஹபிபுல்லா அவனையும் திட்டிவிட்டு, இரண்டு வரியாக அடித்தார்.