கியூபாவில் யார் இருக்கிறார்கள்?

"கியூபாவிலை ஆர் இருக்கினம்?"

நாங்கள் போகப்போவதைக் கேள்விப்பட்ட எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். என் கணவர் கேட்டார். முருகன் கோயிலில் பூ கட்டுகிற அம்மா கேட்டார். லண்டனில் இருந்து தங்கை போன் எடுத்துக் கேட்டாள். ஒருவரும் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். எங்கள் ஆட்கள் விமானம் ஏறுவது கலியாணத்துக்கு, சாமத்தியவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு. போகிற ஊரில் ஓர் ஒன்றுவிட்ட மச்சாளாவது இருந்து, கூட்டிப்போகக் கார் கொண்டு வரவேண்டும். யாருமே இல்லாத இடத்தில் போய் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. தெரியாததால்தான் போக ஆசைப்பட்டேன். நான் கொஞ்சம் விடுப்புக்காரி, எதையும் அறியாமல் விடமாட்டேன்.

கியூபாவுக்குப் போன நாங்கள் மூன்று பேரும் மொன்றியலில், சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கிற பகுதியில் வேலை செய்கிறோம். மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, மெஷின் மாற்றப்போகிறார்கள், அடுத்த கிழமை முழுக்க வேலை இல்லை என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் என் வயதுக்காரி ஒருத்தி போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்களில் அவளிடம்தான் கார் உண்டு என்பதால் அவளுக்குக் கார்க்காரி என்று பெயர். அறையும் சாப்பாடும் சேர்த்துக் கியூபாவுக்குப் போக மலிவாக இருக்கிறது, சனிக்கிழமையே புறப்படலாம் என்றாள். நான் உடனே ஓம் என்றேன். எங்களோடு வேலை செய்கிற, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற மனுசி எதிரே இருந்து புட்டைக் குழைத்துக்கொண்டு தலை நிமிராமல் சொன்னார்:

"அப்ப என்னையும் போடுங்கோ."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். டொலார்டில் வீடு. அவருடைய கணவர், எங்களுக்கு அத்தான், இருந்த காலம் முழுவதும் அவர்தான் காரில் கொண்டுவந்து இறக்கி, பின்னேரம் ஏற்றிப்போவார். அத்தானின் ஆட்டைத் திவசம், முதல் வருஷத் திதி, முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இப்போது கார்க்காரிதான் ஏற்றி இறக்குகிறாள். ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு அது போதவில்லை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தான். கார் ஓடத் தெரியாது, பிரெஞ்சு தெரியாது, தனி மரம் தோப்பாகுமா என்பான். வசந்தம் வந்தால் வீடு விற்கப் பலகை நடவேண்டும், அதற்குள் முடிவு சொல்லுங்கோ என்று கெடுவும் வைத்திருந்தான். அக்காவுக்குப் போக விருப்பமில்லை. ஆனால் தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமும் இல்லை. உண்மையைச் சொன்னால், மகன் சொல்வதில் பிழை இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகள் கையில் தூக்கும் அளவில் இருந்தன. அக்காவின் பெட்டியை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்டோம். அக்கா பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தார். கியூபாவில் இறங்கியதும் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத்தான் திறக்கச் சொன்னார். உள்ளே பருத்தித்துறை வடை இரண்டு பெரிய பை, பயற்றம் பணியாரம், பை உடைக்காத புதுச் சட்டை மூன்று, பிள்ளைகளுக்கு உடுப்பு, ஒரு போத்தல் மிளகாய்த்தூள். அதிகாரி போத்தலை மணந்து பார்த்துவிட்டுத் தும்மினார். இதெல்லாம் யாருக்கு என்று கையை விரித்துக் கேட்டார். அக்கா எங்களைப் பார்த்தார்.

"ஆருக்கெண்டு தெரியாது," என்றார். "ஒரு ஊருக்கு வெறுங்கையோடை எப்பிடிப் போறது? ஆராவது இருப்பினம்தானே."

கார்க்காரி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை எப்படி அதிகாரிக்கு விளங்கப்படுத்துவது? நான் என் வாயைக் காட்டி, சாப்பாடு, சாப்பாடு என்றேன். அவர் ஒரு வடையைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தூளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார்.

ஹோட்டலில் எல்லாருக்கும் கையில் ஹோட்டல் பெயர் போட்ட ஒரு நீலப் பட்டி கட்டினார்கள். அதைக் காட்டினால் சாப்பிடலாம், குடிக்கலாம், கடற்கரையில் கிடக்கலாம். சும்மா கிடப்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கார்க்காரி அரை மணித்தியாலம் வெயிலில் படுத்துவிட்டு எழும்பி, அடுத்து என்ன செய்யவேணும் என்று கேட்டாள். அக்கா விடிய எழும்பி மூன்று கட்டில்களையும் தானே விரித்துவிட்டார். அறை துப்புரவாக்க வந்த பெண் வாசலில் நின்று, தனக்கு வேலை இல்லையே என்பதுபோலக் கையை விரித்தாள். அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தி, பணியாரம் கொடுத்தார்.

பிறகு வடைப் பை வெளியே வந்தது. முட்டை பொரிக்கிறவனுக்கு, தோட்டத்தில் கூட்டுகிறவருக்கு, பக்கத்து அறையில் கியூபெக்கில் இருந்து வந்திருந்த வயதான சோடிக்கு. அந்தக் கிழவர் அடுத்த நாளும் கதவைத் தட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான் கூடவே திரிந்து ஒவ்வொருவரும் கடிக்கிறபோது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறைப்பு எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை. ஒருவரும் எங்கள் தகப்பன் பெயரையோ ஊரையோ விசாரிக்கவில்லை. அக்காவின் புருஷன் எங்கே என்றும் கேட்கவில்லை. அக்கா சத்தமாகச் சிரிப்பதை நான் அங்கேதான் முதல்தரம் கேட்டேன்.

ஆனால் பின்னேரத்தில் மகன் போன் எடுப்பான். போனை வைத்தபிறகு அக்கா கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார். என்னவாம் என்று நான் வாயைக் கிளறினால், "வேறை என்ன, வீடுதான்," என்பார்.

நடுவில் ஒரு நாள் காலை அக்காவைக் காணவில்லை. கட்டில் விரித்திருந்தது, போன் மேசையில் கிடந்தது. கடற்கரை, நீச்சல் குளம், சாப்பாட்டு மண்டபம் எங்கும் இல்லை. நீந்தத் தெரியாத மனுசி. கார்க்காரி அழத் தொடங்கிவிட்டாள். மகனுக்குச் சொல்லுவோமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். அவனிடம் என்ன சொல்வது?

மத்தியானம் வெயிலில், பஸ்ஸாக மாற்றிய ஒரு பழைய லொறி ஹோட்டல் வாசலில் வந்து நின்றது. பின்பக்கத்தால் அக்கா இறங்கினார். ஒரு கையில் அன்னாசிப்பழம். லொறியில் இருந்தவர்கள் கை காட்டினார்கள், அக்காவும் காட்டினார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எங்கே போனீர்கள், ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன்.

அக்கா ஆறுதலாகத்தான் சொன்னார். வாசலில் நின்றாராம். விடிய, இரவு வேலை முடிந்த ஆட்கள் லொறியில் ஏறினார்களாம். அவர்களோடு நின்ற, அறை துப்புரவாக்குகிற பெண் கை காட்ட, தானும் ஏறினாராம். கடைசித் தரிப்பில் இறங்கிச் சந்தையைச் சுற்றிப் பார்த்தாராம். அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். திரும்பி வர வழி தெரியாமல், நின்ற வண்டி ஒவ்வொன்றிலும் கையில் கட்டியிருந்த நீலப் பட்டியைக் காட்டினாராம். ஒருவன் இல்லை என்றான், இன்னொருவன் இல்லை என்றான், பிறகு ஒருவன் ஏறச் சொன்னான்.

"பயமா இருக்கேல்லையே, அக்கா?"

"பயந்தான்," என்றார். "நிண்டு கேட்டால் சொல்லுறாங்கள். நான் இவ்வளவு நாளும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

அன்று பின்னேரம் மகன் எடுத்தபோது லொறிக்கதை ஒன்றும் வெளியே வரவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டிருப்பான், "பேந்து சொல்லுறன்," என்று வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று போனது. அன்னாசியை வெட்டித் தின்றுவிட்டுப் படுத்தோம்.

திரும்பி வந்தபின், திங்கட்கிழமை, மொன்றியலில் காது விறைக்கிற குளிர். கார்க்காரி தனியாக வேலைக்கு வந்தாள். வழக்கம்போல அக்கா வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தாளாம், மணியும் அடித்தாளாம், ஆளில்லை. போனும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதும் வருத்தமாக இருக்குமோ என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டே புது மெஷினுக்கு முன்னால் நின்றோம். வேலை தொடங்கி நல்ல நேரம் போனபின் அக்கா உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியில் புகார் படிந்து கண்ணே தெரியவில்லை, சப்பாத்து நிறையப் பனி. சூப்பர்வைசர் மணிக்கூட்டைக் காட்டிப் பேசினார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து தன் இடத்தில் நின்று குளிசைப் பெட்டிகளை எடுத்தார். கார்க்காரி முகத்தை நீட்டிக்கொண்டாள். எனக்கோ என்ன நடந்தது என்று அறியாமல் கை வேலையில் நிற்கவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் அக்கா எங்களுக்கு முன்னாலேயே மகனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, வீடு விக்கப்போறேல்லை. நான் இஞ்சைதான் இருக்கப்போறன்."

அந்தப் பக்கம் அவன் நீளமாகக் கதைத்தான். அக்கா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஓம், பஸ்ஸிலைதான் வந்தனான். பிழையான பஸ்ஸிலை ஏறிப்போட்டன், பேந்து கேட்டு மாறி வந்தனான்," என்றார். "ஓமப்பு, இண்டைக்குப் பிந்திப்போச்சுது. நாளைக்குப் பிந்தமாட்டன்."