பித்தளை ஃபுட் வால்வும் நான்கு இரும்பு போல்ட்டும்

1. தண்ணீர் ஏறவில்லை

நாற்பத்து மூன்றாம் வருஷம் அரியலூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. கிணற்றில் வைக்கும் ஆயில் எஞ்சினையும் பம்பையும் பழுது பார்ப்பது தொழில். அப்போது இந்தப் பக்கத்தில் எஞ்சின் வைத்திருந்தவர்களைக் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் மேஸ்திரி, மேஸ்திரி என்பார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

ஒருநாள் காலை கல்லங்குறிச்சிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஆள் அனுப்பினார். எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, நட்டு எட்டே நாளான பயிர் காய்கிறது என்று சேதி. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

பம்பு தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் ஃபுட் வால்வு என்று ஒன்று உண்டு. குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அது கழன்று விழுந்தால் நாள் முழுக்க எஞ்சின் சுற்றினாலும் சொட்டுத் தண்ணீர் வராது. அங்கே அதுதான் கழன்று விழுந்திருந்தது. அதைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டும் எலி கடித்தது போல அரித்து, நடுவில் ஒடிந்து கிடந்தன.

இது இரண்டாவது தடவை. அந்த வால்வு நான் மாட்டியது. யுத்த காலத்தில் வார்ப்பிரும்பு வால்வு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. திருச்சியில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, நல்ல கனமான பித்தளை வால்வு ஒன்றைப் பிடித்து வந்தேன். பித்தளை துருப்பிடிக்காது, உங்கள் பேரன் காலம் வரைக்கும் வரும் என்று மிராசுதாரிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் போல்ட் போயிற்று. போல்ட் மட்டமான சரக்கு என்று சொல்லி, கிடைத்ததிலேயே தடியான போல்ட்டாகப் போட்டேன். அதுவும் ஐந்து மாதத்தில் போய்விட்டது.

கிணற்றடியில் மிராசுதார், ஊர் மணியக்காரர், வேலையாட்கள் பத்துப் பேர் நின்றார்கள். மிராசுதார் ஒடிந்த போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏன் மேஸ்திரி, இரும்பு இப்படித் தானாக் கரையுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தானாக் கரையாதுங்க. யாரோ திராவகம் ஊத்தியிருக்கணும்" என்றேன்.

எல்லோரும் சவரிமுத்து பக்கம் திரும்பினார்கள். சவரிமுத்துதான் அந்த எஞ்சினை ஓட்டும் ஆள். வரதராஜன்பேட்டைக்காரர். என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா காலம் வரை பண்ணை வேலை பார்த்த குடும்பம். எஞ்சினில் கைவைத்த முதல் ஆள் இவர். தினமும் கிணற்றுக்குள் இறங்குகிறவர் அவர் ஒருவர்தான். போதாததற்கு, முந்தின வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து மிராசுதாரிடம் திட்டு வாங்கியிருந்தார். வேறென்ன வேண்டும்? அங்கேயே வேலையை விட்டு அனுப்பினார்கள். போலீசில் எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று மணியக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து கீழே கிடந்த ஒரு போல்ட்டை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனார். நான் வேறு போல்ட் போட்டு வால்வை மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

2. மூன்று பாட்டில்

மூன்று வாரம் கழித்து ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கூடை. திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். திராவகம் ஊற்றியவன் என்று பேர் பரவிவிட்டதால் எஞ்சின் உள்ள எவரும் அவரைக் கிட்டே சேர்க்கவில்லையாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. அவரோ கூடையிலிருந்து வாயகன்ற மருந்து பாட்டில்கள் மூன்றை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

மூன்றிலும் அந்தக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். மூன்றிலும் ஒரே மாதிரி இரும்பு ஆணி. முதல் பாட்டிலில் ஆணி தனியாகக் கிடந்தது; லேசாகத் துருவேறியிருந்தது. இரண்டாவதில் ஆணியோடு ஒரு பித்தளைத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அடியில் செம்மண் கரைத்த மாதிரி துரு படிந்து, ஆணி பாதி இளைத்துவிட்டது. மூன்றாவதில் பழைய டார்ச் பேட்டரியின் மேல் தகடு, அதாவது துத்தநாகம், ஆணியைச் சுற்றியிருந்தது. தகட்டில் வெள்ளையாகப் பூத்திருந்ததே ஒழிய ஆணியில் பொட்டுத் துருகூட இல்லை.

"நீங்க அன்னைக்கு ரெண்டு ஜாயிண்ட்டையும் பாத்தீங்க மேஸ்திரி. மேல, குழாயும் குழாயும் சேர்ற ஜாயிண்ட்டும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு. அதே பொட்டலத்து போல்ட்டுதான். அதுல ரெண்டு பக்கமும் இரும்பு, ஒண்ணும் ஆவலை. திராவகம் ஊத்தியிருந்தா அதை மட்டும் விட்டுட்டா போவும்?"

என் கையால் பூட்டிய ஜாயிண்ட். என் கண்ணால் பார்த்ததுதான். எனக்குத் தோன்றவில்லையே!

முதல் இரண்டு பாட்டிலும் அவருடைய சொந்த யோசனை. காரணம் புரியாமல் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் சாரிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர்தான் மூன்றாவது பாட்டிலை வைக்கச் சொன்னவர். அங்கே கேட்டதைச் சவரிமுத்து என் ஒர்க்‌ஷாப் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு எனக்கு விளக்கினார். எந்த உலோகமானாலும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள். பித்தளையில் இருக்கும் செம்பு தன் எலெக்ட்ரானைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இரும்புக்கு அந்தப் பிடி கொஞ்சம் தளர்ச்சி. இரண்டும் ஒட்டிக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் இரும்பிலிருந்து எலெக்ட்ரான் பித்தளைப் பக்கம் போய்விடும். அதை இழந்த இரும்பு அணு தண்ணீரில் கரைந்துவிடும். பெரிய பித்தளை வால்வுக்குச் சின்ன போல்ட் நான்கு என்றால் கரைவது இன்னும் வேகம். துத்தநாகத்துக்கு இரும்பைவிடவும் பிடி தளர்ச்சி. அதைப் பக்கத்தில் வைத்தால் இரும்புக்குப் பதில் அது கரையும். இதே கணக்கில் கரண்ட் விட்டு அழுக்குச் செம்பைக் கரைத்துச் சுத்தச் செம்பாகப் படியவைக்கிறார்கள் என்றும் சார் சொன்னாராம்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் சவரிமுத்து. அந்த வட்டங்களைப் போட்ட கையில் கரும்புத் தோகை கீறிய கீறல்கள் இருந்தன. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். வால்வுக்கு வழி அவரே யோசித்து வைத்திருந்தார். இன்னொன்றும் சொன்னார்.

"திராவகம்ங்கிறது நீங்க சொன்ன சொல்லு. நீங்களே அங்க வந்து எடுத்தாத்தான் போவும்."

3. அதே கிணற்றடி

டார்ச் பேட்டரித் தகடுகளைச் சேர்த்து என் உலையில் உருக்கினோம். நான் அவசரப்பட்டுத் துருத்தியை அதிகம் ஊதி, வெள்ளைப் புகை கிளம்பி இரண்டு பேரும் வெளியே ஓடி இருமினோம். அடுத்த தடவை சூட்டை அடக்கி, மேலே மிதந்த கசடைக் கரண்டியால் வழித்து எறிந்து, மணலில் ஊற்றிக் கட்டியாக்கினோம்.

மறுநாள் சவரிமுத்துவோடு மிராசுதாரிடம் போய், அன்றைக்கு இருந்த எல்லோரையும் கூப்பிடச் சொன்னேன். மணியக்காரரும் வந்தார். மூன்று பாட்டிலையும் கிணற்றுச் சுவரில் வைத்தேன். தப்பு என்னுடையது, பித்தளையை மாட்டியவன் நான், யாரும் திராவகம் ஊற்றவில்லை, இதைக் கண்டுபிடித்தவர் சவரிமுத்து என்று சொல்லி முடித்தேன்.

மிராசுதார் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மிராசுதார் கையிலிருந்த பாட்டிலைச் சுவரில் வைத்துவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வரும்படி சவரிமுத்துவிடம் சொன்னார். அவர் துத்தநாகக் கட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். வால்வின் போல்ட்டை மாற்றி, கட்டியை அதோடு சேர்த்து முடுக்கிவிட்டுத்தான் மேலே வந்தார். அதன் பிறகு அங்கே போல்ட் போகவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் கட்டியை மட்டும் மாற்றினோம்.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன்.

"மணியக்காரரு அன்னைக்கே போலீசுக்கு எழுதிக் குடுத்திருந்தா இந்த பாட்டிலெல்லாம் யாரு பாத்திருப்பா மேஸ்திரி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய சந்தேகமாக இருந்தது. முதல் தடவையாக, "எனக்குத் தெரியலைங்க" என்று சொன்னேன்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எது எதோடு ஒட்டினால் எது கரையும் என்று புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான்கு பேர் நடுவில் யாராவது காரணம் கேட்டு, உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு வாக்கியத்தை விழுங்கியதற்கு ஒரு மனிதர் மூன்று வாரம் கரும்பு வெட்டினார்.